இடம் மாறிய தாயார்

(திருப்புட்குழியில் நிகழ்த்திய உபந்யாசத்திலிருந்து)

பாகவதர்களே, எல்லாரும் சேவித்துவிட்டுத்தான் வந்திருப்பீர்கள். விஜயராகவப் பெருமாளின் மடியில் ஜடாயு. வலப்பக்கம் இருக்க வேண்டிய ஸ்ரீதேவித் தாயார் இடப்பக்கம் மாறி, தலையைச் சற்றே சாய்த்திருக்கிறாள். ஜடாயுவுக்கு ராமன் மூட்டிய சிதையின் வெப்பத்தைப் பிராட்டியால் தாங்க முடியவில்லை என்கிறது தலபுராணம்.

எங்களைப் போன்ற உபந்யாசகர்கள் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டு ஜடாயு தீர்த்தத்துக்குப் போய்விடுவோம். இன்றைக்குக் கொஞ்சம் இங்கேயே நிற்போம். சாட்சாத் மகாலட்சுமிக்கே தாங்கவில்லை. பெருமாள் அதைக் குற்றமாக எடுத்துக்கொண்டாரா? இல்லை. அவளும் இடம்தான் மாறினாள். சந்நிதியை விட்டுப் போய்விடவில்லை. இதை ஏன் சொல்கிறேன்?

"மாமனார் பக்கவாதத்தில் படுத்துவிட்டார், ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தால் பாவமா சுவாமி?" என்று கேட்கிறவர்கள் உண்டு. பாவமில்லை. குழித்தறியில் ஆயுசெல்லாம் மிதி மிதித்து முழங்காலும் இடுப்பும் விட்டுப்போன மனுஷரை ஒரு மருமகள் தனியாகத் தூக்கிப் புரட்ட முடியுமா? தசரதன் பிராணன் பிரிந்தபோது ராமன்கூட பக்கத்தில் இல்லை. தகப்பனாருக்கு நேரில் செய்ய முடியாத சம்ஸ்காரத்தை, தகப்பனாரின் சிநேகிதரான கழுகரசர் ஜடாயுவுக்குச் செய்தான். சீதையைப் பறிகொடுத்ததைவிட இவர் போனதுதான் எனக்குப் பெரிய துக்கம் என்று ராமன் அழுததாக வால்மீகி சொல்கிறார்.

ஆகவே, சேர்ப்பதில் தோஷமில்லை. எங்கே சேர்க்கிறோம் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

வரவேற்பறைப் பளிங்கையும் பூஜை அறை விளக்கையும் கண்டு மயங்காதீர்கள். சொல்லாமல் கொள்ளாமல், சாயங்காலம் விளக்கு வைத்தபின் போங்கள். எழுந்திருக்க முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைக்கிறார்களா? இல்லையென்றால் குதிகாலிலும் இடுப்பிலும் படுக்கைப் புண் வந்துவிடும். அந்த வாடையைச் சாம்பிராணி போட்டாலும் மறைக்க முடியாது. தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா? கஞ்சி ஊட்டுகிற பெண் அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, ஒரு வாய் இறங்கியபின் அடுத்த வாய் தருகிறாளா? படுத்தபடியே ஊட்டினால் புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும். ராத்திரி நர்ஸ் எத்தனை பேர், மூச்சுத் திணறினால் எந்த ஆஸ்பத்திரி என்று கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளித்தால் அந்த இடம் வேண்டாம்.

2007-ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி பதிவான இல்லமா என்று மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் விசாரியுங்கள். இது வெறும் காகிதச் சமாசாரமில்லை. 2018 பிப்ரவரியில், நம் காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரத்தில் ஒரு இல்லத்து வண்டியில், சடலத்தோடு சேர்த்து ஒரு மூதாட்டியையும் ஏற்றிப் போனார்கள். அவர் அலறிய பிறகுதான் ஜனங்கள் வண்டியை மறித்தார்கள், அதிகாரிகளும் வந்தார்கள். அங்கிருந்த முதியவர்களை வேறு இல்லங்களுக்கு மாற்றினார்கள். நல்லதும் இல்லாமலில்லை. ஆதரவற்ற மூதாட்டிகளுக்காக 1978-இல் சாவித்திரி வைத்தி சென்னையில் தொடங்கிய விச்ராந்தி இருக்கிறதே.

வீட்டிலேயே வைத்துக்கொள்ள முடிகிறவர்கள் முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021-இல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வலி தணிக்கும் பராமரிப்பும் வாசலுக்கே வருகின்றன. யோசனை கேட்க ஆள் இல்லாதவர்களுக்கு 14567 என்ற இலவச எண் இருக்கிறது.

சேர்த்துவிட்டவர்களுக்கு ஒரு விண்ணப்பம். மாதாமாதம் பணத்தைப் போனில் அனுப்பிவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். பிராட்டி எட்டிப் போகவில்லை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்த அமாவாசைக்குத் தர்ப்பணம் செய்ய இந்தத் தீர்த்தக்கரைக்கு வருகிறவர்கள், இல்லத்தில் இருக்கும் அம்மாவையோ அப்பாவையோ முதலில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.