பார்க்கிற கை

அக்கா மகன் கன்ட்ரோலரை என் கையில் கொடுத்துவிட்டு "நடங்க மாமா" என்றான். நடந்தேன். நேராகப் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றேன். திரையில் இருந்த ஆள் சுவரோடு சுவராகக் காலை உதைத்துக்கொண்டிருக்கிறான், நானும் குச்சியை முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கிறேன். "எங்க போறீங்க? கேமராவத் திருப்புங்க மாமா. நடக்குறது இடது கட்டைவிரல், பாக்குறது வலது கட்டைவிரல்" என்றான்.

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்கு அது சாதாரணமாகப் படவில்லை. இந்த 53 வயது வரைக்கும் நடப்பதையும் பார்ப்பதையும் நான் இரண்டு வேலையாக நினைத்ததே இல்லை. போகிற பக்கம் கண் போகும், அவ்வளவுதான். இங்கே பார்ப்பது தனி வேலை. அதற்கென்று ஒரு விரல் இருக்கிறது. அந்த விரல் சும்மா கிடந்தால் அதுவும் ஒரு முடிவுதான். அப்படியானால் பார்க்காமல் இருந்ததற்கும் ஒருவன் பதில் சொல்ல வேண்டுமா? இதுதான் என் கேள்வி. பையன்கள் ஆடுகிற விளையாட்டில் அறம் என்ன வேண்டிக் கிடக்கிறது என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். சினிமாவைப் பற்றியும் ஒரு காலத்தில் இப்படித்தான் கேட்டார்கள்.

வலது விரலுக்கு இந்த வேலை வந்து சேர்ந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1992ல் பிரான்சிலிருந்து வந்த 'அலோன் இன் த டார்க்', 1996ல் ஜப்பானின் கேப்காம் வெளியிட்ட 'ரெசிடென்ட் ஈவில்' இரண்டிலும் கேமரா ஆடுகிறவர் கையில் கிடையாது. ஒரு பெரிய பங்களாவை அத்தனை நுணுக்கமாக நொடிக்கு நொடி வரைந்து காட்ட அன்றைய இயந்திரங்களுக்குத் தெம்பு போதாது. அதனால் அறைகளை முன்கூட்டியே படமாகச் செய்து வைத்துவிட்டு அதன்மேல் ஆட்களை மட்டும் நடமாட விட்டார்கள். படம் எந்தக் கோணத்தில் செய்ததோ, கேமராவும் அந்தக் கோணத்தில்தான் நிற்கும். இந்த மூலைக்கு வந்தால் ஒரு படம், அந்த மூலைக்குப் போனால் இன்னொரு படம்.

இந்தக் குறையையே அவர்கள் பயமாக மாற்றினார்கள். தாழ்வாரத்தின் திருப்பத்தில் பிணம் முனகுகிற சத்தம் கேட்கும். நம் ஆள் நிற்கிற இடத்திலிருந்து அது அவன் கண்ணுக்கு நேராகவே தெரிய வேண்டும். ஆனால் கேமரா அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. நமக்குத் தெரியாது. கடிபட்டுச் செத்தால் "காட்டவே இல்லியே, நான் என்ன செய்றது?" என்று கேட்கலாம். கேட்பதில் நியாயமும் இருக்கிறது.

அதே 1996ல் நின்டெண்டோவின் 'சூப்பர் மரியோ 64' வந்தது. ஆட்டத்தின் தொடக்கத்திலேயே லக்கிட்டு என்றொரு பாத்திரம் மேகத்தில் உட்கார்ந்துகொண்டு, தூண்டில் கோலில் கேமராவைக் கட்டித் தொங்கவிட்டபடி வந்து சேர்கிறது. படம் பிடிக்கிறவன் இவன்தான், பொத்தானை அழுத்தினால் திருப்பிக் காட்டுவான் என்று நமக்குப் புரிந்துவிடுகிறது. கோட்டைக்குள் ஒரு கண்ணாடி அறை உண்டு. அங்கே மரியோவோடு சேர்ந்து லக்கிட்டுவும் கண்ணாடியில் தெரிவான். சும்மா சொல்லக்கூடாது, இந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. பார்வை தானாகக் காற்றில் மிதப்பதில்லை. யாரோ ஒருத்தன் எங்கோ உட்கார்ந்துதான் பார்க்கிறான் என்பதைக் குழந்தைகளுக்கான ஒரு ஆட்டம் ஒளிக்காமல் சொன்னது.

பின்னால் வந்தவர்கள் அந்த ஆளை மறைத்துவிட்டார்கள். 1997ல் சோனி இரண்டு குச்சி வைத்த டூயல்ஷாக்கைக் கொண்டுவந்தது. வலது குச்சி கேமராவுக்குத்தான் என்ற வழக்கம் உடனே வந்துவிடவில்லை. 2005ல் வந்த 'காட் ஆஃப் வார்' ஆட்டத்தில்கூட வலது குச்சி உருண்டு அடி தப்பிப்பதற்கு. கேமராவைச் செய்தவர்களே வைத்துக்கொண்டார்கள். அதே பெயரில் 2018ல் வந்த ஆட்டத்தில் கேமரா நம் விரலுக்கு வந்துவிட்டது. இன்று பெரும்பாலும் அதுதான் வழக்கம்.

இதை விடுதலை என்று சொல்லிவிடலாமா? அவசரப்பட வேண்டாம். இந்தக் கேமரா நம் ஆளின் கண் அல்ல. அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு ஆள் உயரம் தள்ளி நிற்பது. அவன் சுவருக்கு இந்தப் பக்கம் ஒளிந்திருப்பான். நான் விரலைத் திருப்பினால் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிற காவலாளி எனக்குத் தெரிவான். காவலாளிக்கோ தன் மூக்குக்கு நேரே இருப்பது மட்டும்தான். அவனால் கேமராவைத் திருப்ப முடியாது. தான் பார்க்கப்படுகிறோம் என்பதே அவனுக்குத் தெரியாது. பார்க்கிறவனைப் பார்க்க முடியாதபடி வைத்துவிட்டால் அதுவே அதிகாரம் என்று பெந்தாமின் சிறைச்சாலைத் திட்டத்தை வைத்து 1975ல் ஃபூக்கோ எழுதினார். அந்தக் கோபுரத்தில் நம்மை உட்காரவைத்துவிட்டு இதைச் சாகசம் என்கிறார்கள்.

அதே 1975ல் வெளிவந்த ஒரு கட்டுரையில் லாரா மல்வி, ஹாலிவுட் சினிமாவின் கேமரா பெண்ணை ஆணின் கண்ணால் பார்க்கிறது என்று வாதிட்டார். அங்கே பார்வையாளன் "நானா எடுத்தேன்?" என்று கேட்டுத் தப்பித்துவிடலாம். இங்கே கேமராவைத் திருப்புவது அவன் விரல். 2017ல் வந்த 'நியர்: ஆட்டோமாட்டா'வின் நாயகி டூபி குட்டைப்பாவாடை கட்டிய இயந்திரப் பெண். அவள் காலுக்குக் கீழே கேமராவைக் கொண்டுபோய் நிறுத்தினால் அவள் கேமராவையே தள்ளிவிடுவாள். பார்க்கப்படுகிறவள் திரும்பிப் பார்த்து மறுக்கிறாள் என்பது பெரிய விஷயம்தான். ஆனால் அப்படிப் பத்து முறை செய்தவனுக்கு ஒரு கோப்பையும் கிடைக்கும். 'என்ன செய்கிறாய்?' என்பது அதற்குப் பெயர். திட்டுவது போலத் திட்டி, கையில் மிட்டாயையும் வைத்து அனுப்புகிறார்கள். பாவாடையைத் தைத்ததும் அவர்கள்தானே. ஆடுகிறவனுக்குக் கேமராவைக் கொடுத்துவிட்டதால் செய்தவன் பொறுப்பு கழிந்துவிடாது.

சுதந்திரத்துக்கும் அளவு உண்டு. 2001ல் ஃபுமிட்டோ உவேடா செய்த 'இகோ'வில் ஒவ்வொரு இடத்துக்கும் கேமராவை அவர்களே வைத்திருக்கிறார்கள். வலது குச்சியால் கொஞ்சம் திருப்பலாம். விட்டால் பழைய இடத்துக்கே வந்துவிடும். முளைக்குச்சியில் கட்டின மாடு கயிறு எட்டுகிற வரைக்கும் மேயுமே, அப்படி. அதில் ஒரு பையன் ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக் கோட்டையைவிட்டுக் கூட்டிப்போக வேண்டும். கையை விட்டு எட்டப் போனால் நிழல் உருவங்கள் வந்து அவளை இழுத்துப்போகும். சில நேரம் அவள் நம் சட்டகத்திலேயே இருக்கமாட்டாள். தெரியவில்லை என்பதற்காக ஆட்டம் நம்மைச் சும்மா விடுவதில்லை. அவள் போய்விட்டால் போனதுதான். கயிற்றைக் கட்டினவனுக்குப் பொறுப்பு உண்டு. கயிறு எட்டுகிற தூரம்கூடப் போகாமல் படுத்துக்கிடந்த மாட்டுக்கும் உண்டு என்பதே என் எண்ணம்.

உவேடாவின் அடுத்த ஆட்டம் 2005ல் வந்த 'ஷேடோ ஆஃப் த கொலாசஸ்'. மாப்பிள்ளை ஆடுவது அதன் 2018ஆம் ஆண்டு மறு ஆக்கம். செத்துப்போன ஒரு பெண்ணை உயிர்ப்பிக்க 16 பூதாகார உயிர்களைக் கொல்ல வேண்டும். எல்லாம் நம்மை அடிக்க வருவன அல்ல. பதின்மூன்றாவது பாலைவனத்தில் பறக்கிற ஒரு நீண்ட உயிர். அது யாரையும் தொடுவதில்லை. குதிரையில் துரத்தி, அதன் வயிற்றிலுள்ள காற்றுப்பைகளை அம்பால் கிழித்து, அது தாழ்ந்து வரும்போது இறக்கையைப் பிடித்துத் தொற்றி ஏறி, முதுகில் குத்த வேண்டும்.

அவன் முதுகில் நின்று குத்திக்கொண்டிருந்தான். "அது முகத்தைக் காட்டுடா, பார்ப்போம்" என்றேன்.

"முகத்தப் பாக்கத் திருப்புனா குத்துற எடம் தெரியாது மாமா."

அவன் சொன்னது வெறும் தொழில்நுட்பம். எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

1994ல் நான் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். சரக்கு இறக்குகிற பையன் ஒரு பெட்டியைக் கீழே போட்டுவிட்டான். உள்ளே கண்ணாடிச் சாமான். முதலாளி அவனைக் கல்லாவுக்குப் பக்கத்திலேயே வைத்து அடித்தார். எனக்கும் அவனுக்கும் நடுவில் எந்தச் சுவரும் இல்லை. கழுத்தைக் கொஞ்சம் திருப்பினால் போதும். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு யாரோ கேட்டபோது "நான் பேரேட்டுல இருந்தேன், பாக்கல" என்றேன். அப்போது மணி 11:10. அது ஞாபகம் இருக்கிறது. பையன் முகம் ஞாபகம் இல்லை.

"பார்த்திருந்தால் மட்டும் என்ன கிழித்திருப்பாய்?" என்று கேட்கலாம். சரியான கேள்விதான். பல ஆட்டங்களில் எதை வேண்டுமானாலும் சுற்றிச்சுற்றிப் பார்க்கலாம். வழியோரத்தில் அழுகிறவளுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கப் பொத்தான் இருக்காது. பார்வையைத் தாராளமாகக் கொடுத்துவிட்டுச் செயலைப் பூட்டி வைப்பதும் ஒரு தந்திரம். பார்த்துவிட்டோம் என்ற திருப்தியோடு நகர்ந்துவிடுவோம். பார்ப்பதே அறம் என்று நான் சொல்ல வரவில்லை.

ஆனால் ஒன்று சொல்வேன். நான் அன்று செயலற்றுப் போனதற்கு வேலை போய்விடும் என்ற பயம் காரணம். அந்தப் பயத்தை ஒருவன் புரிந்துகொள்ள முடியும். பார்க்கவில்லை என்று சொன்னதற்கு அந்தப் பயம் காரணமில்லை. பார்த்திருந்தால் நான் சாட்சி. சாட்சியாகிவிட்டால் என்றைக்காவது சொல்ல வேண்டிவரும். அதைத் தவிர்க்கத்தான் கழுத்தைத் திருப்பினேன். யாரும் என் கேமராவைப் பிடித்து வைத்திருக்கவில்லை.

மறுநாள் மாப்பிள்ளையிடம் கன்ட்ரோலரை வாங்கி அதே இடத்துக்குப் போனேன். தொற்றி ஏறத் தெரியவில்லை, விழுந்துகொண்டே இருந்தேன். குதிரையை நிறுத்திவிட்டு, கீழேயிருந்து அது தலைக்கு மேல் பறந்து போவதை வலது விரலால் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "என்ன மாமா, ஆடாம சும்மா பாத்துக்கிட்டே இருக்கீங்க?" என்றான். இருடா, கொஞ்ச நேரம் பழகிக்கிறேன் என்றேன்.