சொப்பும் வீரனும்

1964இல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் ஜி.ஐ. ஜோவைப் 'பொம்மை' என்று சொல்லி விற்க மறுத்தது. பொம்மை பெண்பிள்ளைகளுக்கானது, பையன்கள் தொடமாட்டார்கள் என்ற பயம். 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்ற பெயர் அப்படித்தான் வந்தது. பிறகு எம்.ஆர்.எஃப். குழுமத்தின் ஃபன்ஸ்கூல் வழியாக அந்த வீரன் நம் ஊர்க் கடைகளுக்கும் வந்தான்.

1984இல் கென்னர் வெளியிட்ட சூப்பர்மேனின் கால்களை அழுத்தினால் கை குத்தும். வொண்டர் வுமனின் கால்களை அழுத்தினால் கைகள் குறுக்கே வந்து அடியைத் தடுக்கும். முதல் 12 உருவங்களில் அவள் ஒருத்திதான் பெண்.

மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் விற்கும் மரச்சொப்பில் விசை கிடையாது. அம்மியும் உரலும் சிறுமியின் கை அசைந்தால்தான் அசையும். செயல் முழுவதும் அவளுடையது. ஆனால் அதை யாரும் 'ஆக்‌ஷன்' என்பதில்லை.

இன்று நடுவயது ஆண்கள் பழைய வீரர்களைத் தேடி வாங்குகிறார்கள். அந்த ஏக்கம் குற்றமில்லை. ஆனால் ஒன்றை நினைத்து ஏங்க, அது முடிந்துபோயிருக்க வேண்டும். வளர்ந்தபின் அவர்கள் எந்த வில்லனையும் குத்த வேண்டியிருக்கவில்லை. சொப்பு வைத்து விளையாடியவளுக்கோ விளையாட்டு முடியவே இல்லை, பாத்திரங்கள்தான் பெரிதாயின. அடுப்படி வேலையை வீட்டிலுள்ள எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் நாளில்தான் சொப்பு அவளுக்குப் பழைய பொருளாகும். அப்போது அவளும் அதை எடுத்து வைத்துக்கொண்டு ஏங்கலாம்.