எண்ணும் திறனும்

மனிதன் ஒரு தொழிலைப் பலமுறை செய்கின்றான். செய்யச் செய்ய அத்தொழில் அவனுக்கு எளிதாகின்றது. அந்நிலையைத் திறன் என்கின்றோம். அத்திறன் எவ்வளவு என்று பிறருக்குச் சொல்ல ஓர் எண்ணை வைக்கின்றோம். பள்ளியில் அது மதிப்பெண், அலுவலகத்தில் பணிநிலை, விளையாட்டில் படிநிலை. அளவுகோல் இன்றி உலகியல் நடவாது. ஆயினும் அளப்பதற்கென்று வந்த எண், அளக்கப்பட்ட பொருளின் இடத்தைத் தானே பிடித்துக்கொள்ளுமாயின், அங்கே ஓர் அறவினா எழுகின்றது. எண்ணைப் பெற்றவன் திறனைப் பெற்றவன் ஆவானா? எவ்வழியில் பெற்றாலும் திறன் ஒன்றுதானா? இவ்வினாக்களை ஆராய இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் களம் சிலருக்கு வியப்பளிக்கலாம். பலர் ஒருங்கே கூடி ஆடும் கணினி விளையாட்டே அக்களம்.

பிற்பகலில் பள்ளி விட்ட பின் உட்லண்ட்ஸ் அடுக்குமாடிக் கட்டடங்களின் கீழ்த்தளத்தைக் கடப்போர், கல்மேசையைச் சுற்றி அமர்ந்த மாணவரையும் அவர்தம் கைகளில் தொலைபேசியையும் காணலாம். “நீ எத்தனையாவது நிலை?” என்பதே அவர்களுள் அடிக்கடி எழும் வினா. பெரியவர் சிலர் இதைக் கேட்டு முகம் சுளிப்பர். ஆனால், வீட்டில் அப்பிள்ளையிடம் நாம் கேட்கும் “உனக்கு எத்தனை மதிப்பெண்?” என்னும் வினாவும் அதே அச்சில் வார்த்ததன்றோ? ஆகவே, இகழ்ந்து ஒதுக்குமுன் அவ்விளையாட்டின் உள்ளமைப்பைச் சற்றே அறிந்துகொள்வோம்.

இவ்விளையாட்டுகளுள் ஒரு வகையை ‘மணற்பெட்டி விளையாட்டு’ என்பர். மணலில் அமர்ந்த குழந்தை வீடும் கட்டலாம், கிணறும் தோண்டலாம். இதைத்தான் செய்க என்று எவரும் பணிப்பதில்லை. அதுபோல இங்கும் ஆடுவோன் விரும்பினால் மரம் வெட்டுவான், மீன் பிடிப்பான், இரும்பு உருக்குவான், வாணிகம் செய்வான். 1997ஆம் ஆண்டு வெளிவந்த ‘அல்ட்டிமா ஆன்லைன்’ இவ்வகைக்கு முன்னோடிகளுள் ஒன்று. அதில் எத்தொழிலைச் செய்கின்றோமோ அத்தொழிலின் திறன் சிறிது சிறிதாக ஏறும். ஒரு திறனுக்கு உச்சம் 100 புள்ளி. எல்லாத் திறன்களும் சேர்ந்து 700 புள்ளியைக் கடக்கலாகாது என்பது அதன் அடிப்படை விதி. ஒவ்வொரு திறனின் பக்கத்திலும் ஓர் அம்புக்குறி உண்டு. ஏறட்டும், இறங்கட்டும், அப்படியே நிற்கட்டும் என மூன்றில் ஒன்றை ஆடுவோன் தேர்ந்து வைக்கலாம். 700ஐ எட்டியவன் புதிய திறன் ஒன்றை வளர்க்க விரும்பினால், ‘இறங்கட்டும்’ எனக் குறித்த பழைய திறன் தேய்ந்து இடம் தரும். இவ்விதியைப் பின்னர் மீண்டும் நினைவுகூர்வோம்.

2001ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தோன்றிய ‘ரூன்ஸ்கேப்’ என்னும் விளையாட்டு நம் வினாவுக்கு இன்னும் ஏற்றது. அதன் பழைய வடிவம் 2013இல் மீண்டும் திறக்கப்பெற்று, 2018 முதல் கைத்தொலைபேசியிலும் ஆடப்படுகின்றது. அதில் இருபதுக்கும் மேற்பட்ட திறன்கள் உள்ளன. ஒவ்வொன்றும் 99ஆம் நிலை வரை ஏறும். இரண்டாம் நிலைக்கு 83 அனுபவப் புள்ளிகள் போதும். 99ஆம் நிலைக்கோ 13,034,431 புள்ளிகள் வேண்டும். இவ்வேணியின் நடுப்படி எது என்று கேட்டால் ஐம்பது என்றே எவரும் விடை சொல்வர். உண்மையில் 92ஆம் நிலையை எட்டும்போதுதான் பாதி வழி முடிகின்றது. தொடக்கத்தில் விரைந்து ஏறியவன் பின்னர்ப் பல நாள் ஒரே படியில் நிற்கின்றான். இசை பயில்வோரும் மொழி பயில்வோரும் இத்தேக்கத்தை நன்கு அறிவர்.

திறனை வளர்க்கும் உத்திகளைப் பற்றி ஆடுவோர் தமக்குள் ஆழமாக விவாதிக்கின்றனர். அவற்றுள் சில நம் ஆசிரியர் பயிற்சி வகுப்பில் கற்பிக்கத் தக்கவை. மரம் வெட்டத் தொடங்குவோன் முதலில் எளிய மரத்தை வெட்டுகின்றான். கட்டை ஒன்றுக்கு 25 புள்ளி. 15ஆம் நிலையில் ஓக் மரமும் 30ஆம் நிலையில் வில்லோ மரமும் அவன் கோடரிக்கு வசப்படும். வில்லோ கட்டைக்கு 67.5 புள்ளி. வலிமைக்கு ஏற்ற மரத்தைத் தேர்வதே முதல் உத்தி. மிக எளிதாயின் வளர்ச்சி இல்லை. மிக அரிதாயின் கோடரி ஏறாது. இரண்டாம் உத்தி தொழில்களைக் கோத்துச் செய்வது. வெட்டிய மரத்தை வில்லாகச் செதுக்கலாம்; பிடித்த மீனைச் சமைக்கலாம்; தோண்டிய தாதுவை உருக்கிக் கத்தி வடிக்கலாம். ஒன்றின் பயன் மற்றொன்றின் தொடக்கமாகின்றது.

மூன்றாவது உத்தியில்தான் சிக்கல் தோன்றுகின்றது. ஆடுவோனின் பையில் 28 பொருள்களுக்கே இடமுண்டு. பை நிறைந்ததும் கிடங்குக்குச் சென்று கட்டைகளைச் சேர்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். நடக்கும் நேரத்தில் புள்ளி ஏறாது. எனவே கணக்கில் வல்ல சிலர், வெட்டிய கட்டைகளை அங்கேயே தரையில் எறிந்துவிட்டு மீண்டும் வெட்டுகின்றனர். வில்லோ மரத்தைக் கொண்டே 99ஐ எட்ட நினைப்பவன் ஏறத்தாழ 193,000 கட்டைகளை வெட்ட வேண்டும். அத்தனையையும் அவன் எறிந்துவிடலாம். விறகு வேண்டாம், விறகு வெட்டும் திறனைக் காட்டும் எண் மட்டும் போதும் என்பது இதன் பொருள்.

இதைக் கேட்டவுடன் வீண்செயல் என்று தீர்ப்புக் கூறிவிடலாகாது. நம் பழைய திண்ணைப் பள்ளியை எண்ணிப் பார்ப்போம். பிள்ளை மணலில் விரலால் எழுத்தை எழுதினான், அழித்தான், மீண்டும் எழுதினான். எழுதிய எழுத்து ஒன்றையும் அவன் வீட்டுக்கு எடுத்துச் செல்லவில்லை. வீணை பயிலும் மாணவியின் சரளி வரிசையை எவரும் சேமித்து வைப்பதில்லை. பயிற்சி என்றாலே விளைபொருளைத் துறந்து செய்யும் செயல்தான். அவ்வாறாயின் மணலில் எழுதியவனுக்கும் மரத்தை எறிந்தவனுக்கும் வேறுபாடு என்ன?

வேறுபாட்டைக் காண ஓர் உரைகல் உண்டு. எண்ணை அழித்துவிட்டுப் பார்க்க வேண்டும். மணலெழுத்து அழிந்தபின் எழுதும் ஆற்றல் பிள்ளையின் விரலில் நின்றது. விளையாட்டு நிறுவனத்தின் கணினி பழுதுற்று 99 என்னும் எண் அழிந்துவிட்டால், ஆடியவனிடம் நிற்பது எது? மரம் வெட்டும் திறன் நிற்காது; அவன் மெய்யான கோடரியைத் தொட்டதே இல்லை. ஆயினும் ஒன்றுமே நில்லாது என்று சொல்வதும் நேர்மையன்று. திட்டமிட்டுக் காலத்தைப் பகுத்தவனிடம் அப்பழக்கம் நிற்கும். 92இல் சோர்ந்து விடாதவனிடம் பொறுமை நிற்கும். புதிதாய் வந்தவனுக்கு வழிகாட்டி, தன் பொருளைப் பகிர்ந்தவனிடம் தோழமை நிற்கும்.

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் தம் அறநூலில் இதற்கு நெருங்கிய கருத்தொன்றைக் கூறுகின்றார். வீடு கட்டுவதனால் ஒருவன் கொத்தன் ஆகின்றான். நீதியான செயல்களைச் செய்வதனால் நீதிமான் ஆகின்றான் என்பது அவர் கொள்கை. அதனுடன் நில்லாமல், தவறாகக் கட்டிப் பழகுவோன் தவறான கொத்தனே ஆவான் என்றும் எச்சரிக்கின்றார். நாம் எதைத் திரும்பத் திரும்பச் செய்கின்றோமோ அதுவாகவே ஆகின்றோம். ஆகவே, திறன் வளர்க்கும் உத்தியை ஆராய்வோர், அது எவ்வளவு விரைவானது என்று கேட்பதோடு அமையாமல், அது நம்மை யாராக ஆக்குகின்றது என்றும் கேட்டல் வேண்டும்.

இவ்வுரைகல்லில் வேறு இரண்டு உத்திகளை உரைத்துப் பார்ப்போம். முதலாவது, தானியங்கி நிரலை அமர்த்தி ஆடுவது. ஆடுவோன் உறங்குவான், நிரல் மரம் வெட்டும். காலையில் எழுந்தால் படிநிலை ஏறியிருக்கும். இவ்வழக்கம் பெருகியதால் 2011ஆம் ஆண்டு அக்டோபரில் ரூன்ஸ்கேப் நிறுவனம் ஒரே நாளில் ஏறத்தாழ 15 இலட்சம் கணக்குகளைத் தடைசெய்தது. இங்கு எண்ணை அழித்தால் எஞ்சுவது ஒன்றுமில்லை, பொறுமைகூட நிரலுக்குரியதே. இரண்டாவது, பணம் கொடுத்துப் பெறுவது. விளையாட்டுக்குள் புழங்கும் பொன்னையும் பிறர் உழைத்து உயர்த்திய கணக்கையும் விதிக்கு மாறாக வாங்குவோர் உளர். வெனிசுவேலாவில் பணவீக்கம் கட்டுமீறிய காலத்தில், 2017ஆம் ஆண்டளவில், அந்நாட்டவர் பலர் இவ்விளையாட்டுக்குள் மணிக்கணக்கில் பொன் திரட்டி விற்று உணவு வாங்கினர். விதியை மீறினர் என்று அவரை வேட்டையாடவும் பிற ஆட்டக்காரர் கிளம்பினர். வாங்கியவனுக்கு ஓர் எண் கிடைத்தது. விற்றவன் வீட்டில் அடுப்பு எரிந்தது. விதிமீறல் இருவர்க்கும் பொதுவாயினும், இருவரையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க நம் மனம் ஒப்பவில்லை.

இவற்றுக்கு நேர்மாறான ஒரு காட்சியும் அதே விளையாட்டில் உண்டு. 2014இல் ‘அயர்ன்மேன்’ என்னும் முறை சேர்க்கப்பெற்றது. அதைத் தேர்ந்தோர் பிற ஆட்டக்காரர் எவரிடமும் எதையும் வாங்கலாகாது; தம் கையால் திரட்டியதும் ஆக்கியதுமே அவர்க்கு உரிமை. அம்பு செய்யும் மரத்தையும் பெரும்பாலும் தாமே வெட்டுவர். அவர்கள் கட்டைகளை எளிதில் எறிவதில்லை. எவரும் கட்டாயப்படுத்தாத கடின வழியைப் பலர் விரும்பி ஏற்றனர். மனித மனம் எண்ணை மட்டுமே நாடுவதாயின் இம்முறைக்கு ஆள் கிடைத்திருக்குமா? ‘இதை நானே செய்தேன்’ என்னும் நிறைவை இளைஞர் உள்ளம் இன்னும் தேடுகின்றது. ஆசிரியர்க்கு இது நம்பிக்கை தரும் செய்தி.

இனி, விளையாட்டை விட்டு வகுப்பறைக்கு வருவோம். சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வின் மதிப்பீட்டு முறை 2021இல் மாற்றப்பட்டது. சக மாணவரோடு ஒப்பிட்டுக் கணித்த பழைய மொத்தப்புள்ளி நீங்கி, ஒவ்வொரு பாடத்துக்கும் எட்டு அடைவுநிலைகள் வந்தன. 90 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் பெற்றால் முதல் நிலை. ஒருவன் ஏறுவதால் மற்றவன் இறங்கவேண்டியதில்லை. இது நல்ல மாற்றம். ஆனால், அளவுகோலைத் திருத்துவது அரசின் பணி. அளக்கப்படும் பொருளை வளர்ப்பது நம் பணி. இருபது மரபுத்தொடர்களையும் முப்பது இணைமொழிகளையும் மனனம் செய்து, தேர்வுத்தாளில் இட்டு, மண்டபத்தை விட்டு வெளியேறும்போதே அவற்றை உதறிவிடும் மாணவன், வெட்டிய கட்டையைத் தரையில் எறிந்தவனே ஆவான். அவன் பெற்ற எண் மெய். அவனிடம் தமிழ் எஞ்சவில்லை.

இது வெறும் அச்சமன்று. 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர் இந்தியருள் 36.7 விழுக்காட்டினர் வீட்டில் மிகுதியும் பேசுவது தமிழ் என்றனர். 2020இல் அது 27.2 விழுக்காடாகக் குறைந்தது. இந்தியர் அனைவரும் தமிழர் அல்லர் என்பதை மனத்திற் கொண்டாலும், இறக்கம் தெளிவானது. அல்ட்டிமா விளையாட்டின் அம்புக்குறியை இங்கே நினைவுகூர்க. மாணவனின் நாளுக்கு இருபத்துநான்கு மணி நேரமே எல்லை. கணிதம் ஏறட்டும், அறிவியல் ஏறட்டும் எனக் குறித்த பெற்றோர், தமிழின் பக்கத்தில் ‘இறங்கட்டும்’ என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. தேர்வு முடிந்தபின் அக்குறி தானாகவே விழுந்துவிடுகின்றது. விளையாட்டிலாவது, எதை இறங்கவிடுவது என்று ஆடுவோன் அறிந்து தேர்கின்றான்.

என் செய்வது? மரத்தை எறியாமல் வில்லாக்கும் உத்தியே இங்கும் உதவும். காலையில் கற்ற இணைமொழியை மாலையில் பாட்டியிடம் பேசிக் காட்டுமாறு பணிக்கலாம். பாட்டி சிரித்துத் திருத்தினால் அதுவே சிறந்த மதிப்பீடு. உட்லண்ட்ஸ் வட்டார நூலகத்துக்கு அழைத்துச் சென்று, தன் வலிமைக்கு ஏற்ற தமிழ்நூல் ஒன்றை மாணவனே தேர்ந்தெடுக்கச் செய்யலாம். வில்லோ மரத்தை எப்போது தொடுவது என்று அறிந்தவனுக்கு இது எளிதில் விளங்கும். எழுதிய கட்டுரையைத் திருத்தியவுடன் மூடிவைக்காமல் இளைய வகுப்பார் முன்னே படிக்கச் சொல்லலாம். இவை எவற்றுக்கும் மதிப்பெண் இல்லை. இல்லாதிருப்பதே நன்று.

மாணவர்க்கும் ஒரு சொல். விளையாடுங்கள், விளையாட்டைப் பழிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் ஒரு திறனில் ஏறும்போதெல்லாம், இந்த எண் நாளை அழிந்தால் என்னிடம் என்ன இருக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மகாபாரதத்து ஏகலைவன் மண்ணால் ஆன துரோணர் உருவத்தின் முன் தனியே வில் பயின்றான். அவனுக்குப் படிநிலை வழங்குவார் இல்லை. பட்டியலில் பெயரும் இல்லை. குரு காணிக்கையாகக் கட்டைவிரலையே கேட்டபோது, அவன் திறனின் பெரும்பகுதி அவ்விரலோடு போயிற்று. ஆயினும் அவன் உழைப்பையும் சொன்ன சொல் தவறாத உறுதியையும் அவனிடமிருந்து எவராலும் வெட்டியெடுக்க இயலவில்லை. அவை எண்ணில் அடங்காதவை. ஆதலால் இன்றளவும் அவன் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கின்றோம்.