பாடும் மீனும் இரையும் செவியும்

மட்டக்களப்பு வாவியில் மீன் பாடும் என்பது யாவரும் அறிந்த செய்தி. அப்பாட்டைத் தம் செவியாற் கேட்டோர் எத்தனை பேர் என்று வினவினாலோ, நம்முட் பெரும்பாலோர் மௌனமாகிவிடுவர். நிலவெறிக்கும் இரவில், காற்று அடங்கிய வேளையில், கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பை நீரில் இறக்கி, அதன் மேல்நுனியிற் காதை வைத்துக் கேட்க வேண்டும் என்பர். 1848இல் இங்கு வந்த எமர்சன் டெனன்ட், தோணியின் பலகையிற் காதை வைத்தபோது அவ்வொலி மிகுந்து கேட்டதாக எழுதினார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின் யேசு சபைத் துறவி லாங் அடிகளார் அதனை ஒலிப்பதிவு செய்தார். பாடுவது மீனா, சிப்பியா என்ற வழக்கு இன்னும் முற்றுப்பெறவில்லை. எனினும், அதனைக் கேளாத நாம் பொய்யென்று தள்ளியதில்லை. ஊரின் பெருமையாகவே கொண்டாடுகிறோம்.

இதே வாவிக்கரையில், ஒருவருக்கு மட்டும் கேட்கும் ஒலியும் உண்டு. அதனை நாம் எவ்வாறு நடத்துகிறோம்?

என் மாணவன் ஒருவனின் தந்தை நெல் மில்லொன்றில் இருபது ஆண்டுகளாக உழைப்பவர். மில் நின்ற பின்பும் அவர் காதில் இரைச்சல் நிற்பதில்லை. வீட்டார் பிரமை என்றனர். உடன் உழைப்போர் நகைத்தனர். ஒருநாள் பாடசாலை வாசலில் என்னை நிறுத்தி, “உங்களுக்கும் கேக்குதா, சேர்?” என்றார். “இல்லையே” என்றேன். நான் சொன்னது உண்மைதான். ஆயினும் அவர் முகம் வாடியது. ‘எனக்குக் கேட்கவில்லை’ என்பது வேறு. ‘ஒலியே இல்லை’ என்பது வேறு. நான் முன்னதைச் சொன்னேன். அவர் பின்னதைக் கேட்டார்.

அவர் உணர்வது பிரமை அன்று. உட்செவியில் நத்தை ஓடு போற் சுருண்ட உறுப்பொன்று உண்டு. அதிலுள்ள நுண்ணிய மயிர்க்கலங்களே ஒலியதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றுவன. பேரிரைச்சலால் அவை அழிந்தால் மனிதர்க்கு மீண்டும் முளைப்பதில்லை. குறைந்த செய்தியை ஈடுசெய்ய மூளை தன் கூர்மையை மிகுத்துக்கொள்கிறது. அதனால் வெளியில் இல்லாத ஒலியை உணர்கிறது என்பதே இன்று பெரிதும் ஏற்கப்படும் விளக்கம்.

இதனை முற்றாக நீக்கும் மருந்து இல்லை; ஆனால் வழியே இல்லை என்பதும் சரியன்று. முழு அமைதியில் இரைச்சல் பெரிதாகும். மின்விசிறியின் ஓசையோ, தணித்து வைத்த வானொலியோ அதனை மங்கச் செய்யும். கேள்வி குறைந்தோர்க்குச் செவிக்கருவி உதவும். அச்சம் கவனத்தை ஒலியின்பால் இழுக்க, கவனம் அச்சத்தை வளர்க்கும். இச்சுழலை அறுக்க உளவியற் பயிற்சிகள் உள. ஒலி மறையாவிடினும் துயர் குறையும். ஒரு காதில் மட்டும் இரைந்தாலோ, நாடித்துடிப்போடு ஒலித்தாலோ, திடீரெனக் கேள்வி குன்றினாலோ தாமதியாது வைத்தியரை நாட வேண்டும்.

ஆகவே ‘பழகிக்கொள்ளுங்கள்’ என்று வைத்தியர் கூறுவது நல்லுரையே. அதே சொல்லை முதலாளி கூறினால் அஃது அநீதி. 85 டெசிபலுக்கு மேற்பட்ட இரைச்சலில் நாள்தோறும் எட்டு மணிநேரம் நிற்பவனின் செவி கெடும் என்பது தெரிந்த செய்தி. காதுறை விலை மிக்க பொருளும் அன்று. போர் 2009இல் முடிந்தது. ஷெல் வெடித்த ஓசை செவியில் முடியாதோரும் நம்மிடையே உளர். காயத்தோடு வாழப் பழகலாம், காயப்படுத்துவதற்குப் பழகலாகாது.

பாதிக்கப்பட்டோர் வாய்திறவாமைக்கும் காரணம் உண்டு. தன் செவிகள் இரவும் பகலும் இரைவதை பீத்தோவன் 1801இல் நண்பரான வைத்தியருக்கு எழுதினார். பிறர் அறிந்தால் தம் தொழில் என்னாகும் என்று அஞ்சி, கூட்டங்களைத் தவிர்த்தார். மாபெரும் இசைவாணருக்கே அந்நிலை எனில், நாட்கூலியாளன் மில் அலுவலகத்தில் எதைச் சொல்வான்?

பின்னொரு நாள் அந்தத் தந்தையைக் கண்டபோது, “எப்படிக் கேட்கிறது?” என்று வினவினேன். “சில்வண்டு கத்துற மாதிரி, சேர்” என்று தொடங்கி நெடுநேரம் பேசினார். முடிவில், தன் பக்கத்தில் வேலை செய்யும் இளைஞனுக்கும் இப்போது இரையத் தொடங்கியிருக்கிறது என்றார். காதுறை வேண்டுமென்று இருவரும் சேர்ந்து கேட்கலாமே என்றேன். அதற்கான கடிதத்தை அன்றே எழுதினோம்.