ஐந்தாவது காரணம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஆயுதபூஜை அன்று கொலுசுப் பட்டறைக் கருவிகளுக்கும் பைக்குக்கும் ஒரே சந்தனம், ஒரே குங்குமம்தான். இந்த வழக்கத்தில் வளர்ந்த ஒருவர், கோவையை அடுத்த செட்டிபாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ, 1990இல் திறந்த இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலோ முதன்முறையாகத் தன் வண்டியை முழு வேகத்தில் ஓட்டப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாரியம்மன் கோயிலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றியாகிவிட்டது. அதன் பிறகும் பிரேக்கைக் கழற்றிப் பார்ப்பது அம்மனை நம்பாத செயலா? பார்க்காமல் போவதுதான் பக்திக்குக் குறை என்பது என் முடிவு.

கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் எந்தச் செயலுக்கும் ஐந்து காரணங்களைச் சொல்கிறது: நிலைக்களம், செய்பவன், கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். அந்த வரிசையை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். தெய்வத்தை அது விலக்கவில்லை. ஆனால் மற்ற நான்கின் சுமையையும் தெய்வத்தின் தலையில் ஏற்றவும் இல்லை. பிரேக் பேடு தேய்ந்திருப்பது கருவியின் குறை; தூக்கமில்லாமல் வந்திருப்பது செய்பவனின் குறை. இவற்றை அம்மன் பார்த்துக்கொள்வாள் என்பது வேண்டுதல் ஆகாது. நம் கையில் கொடுத்த வேலையை அவளிடமே திருப்பித் தள்ளிவிடுவதுதான் அது.

ஆயுதபூஜையே இதற்குச் சாட்சி. பொட்டு வைக்கும் முன் துடைக்கிறோம். துடைக்கும் கைதான் கசிவையும் விரிசலையும் முதலில் காண்கிறது. டிராக்குக்கு அந்தத் துடைப்பு இன்னும் ஆழமாகப் போகவேண்டும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். பழைய ஆயில் கடும் சூட்டில் கொதித்து ஆவியானால் லிவர் பிடிமானமின்றி உள்ளே போய்விடும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம் அது எந்த வாரம், எந்த ஆண்டு செய்யப்பட்டது என்று சொல்லும். பட்டன் தேயாவிட்டாலும் ரப்பர் இறுகியிருக்கலாம். கூலன்டை வடித்துவிட்டு வெறும் தண்ணீர் ஊற்றச் சொல்வதில் ஓர் அறமே இருக்கிறது: கூலன்ட் சிந்தினால் வழுக்கி விழப்போவது பின்னால் வருகிற முகம் தெரியாத ஒருவர். கண்ணாடியைக் கழற்றுவதும், விளக்கின் மேல் டேப் ஒட்டுவதும் அப்படித்தான். உடைந்த சில்லு அடுத்தவர் சக்கரத்தில் ஏறக்கூடாது. பூஜையன்று டிஸ்க் தட்டில் சந்தனம் படாமல் பார்த்துக்கொள்வதும் இதில் சேரும். முழுமுக ஹெல்மெட், தோல் உடை, கணுக்காலை மூடும் பூட்ஸ், முதுகுக் கவசம், முதல்நாள் இரவு நல்ல உறக்கம், போதிய தண்ணீர் ஆகியவை செய்பவனின் பங்கு.

விதி முடிந்திருந்தால் எந்தச் சோதனையும் காப்பாற்றாது என்பார்கள். வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் வைத்தார். ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். முதலாவதை மட்டும் படித்துவிட்டுச் சோம்பியிருக்க அவர் யாருக்கும் அனுமதி தரவில்லை. 1944இல் திராவிடர் கழகம் பெயர்பெற்ற ஊர் சேலம். ஆகவே நேர்மாறான கேள்வியும் இங்கே எழும்: எல்லாம் சரிபார்த்தபின் பூஜை எதற்கு? மதித்துப் பதில் சொல்லவேண்டிய கேள்வி இது. எல்லாம் சரிபார்த்த பிறகும் முன்னால் போன வண்டியிலிருந்து ஆயில் சொட்டலாம். திருப்பத்தில் கல் கிடக்கலாம். தன்னை மட்டுமே கர்த்தாவாகக் காண்பவன் சரியாகக் காணவில்லை என்று கீதை அதே இடத்தில் எச்சரிக்கிறது. அந்த மிச்சத்தை ஒப்புக்கொள்கிறவர் மஞ்சள் கொடி கண்டால் முந்தமாட்டார். முதல் சுற்றிலேயே வீரம் காட்டமாட்டார். கடவுளை நம்பாதவரும் இந்த அடக்கத்தைப் பெறலாம் என்பதை ஏற்கிறேன். நம் ஊரில் பலருக்கு அது பூஜை வழியாக வருகிறது, அவ்வளவுதான்.

உயிரைப் பணயம் வைத்து விளையாடுவதே பாவம் என்ற ஆட்சேபம்தான் எனக்குக் கடினமாகப் படுகிறது. டிராக்கில் ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அங்கே எதிரே பேருந்து வராது, குறுக்கே குழந்தை ஓடாது, ஆம்புலன்ஸ் காத்திருக்கும். வந்திருப்பவர்கள் அறிந்தே வந்தவர்கள். அதே வேகத்தை நெடுஞ்சாலையில் காட்டினால், சம்மதம் தராதவர் உயிரும் அதில் சேர்ந்துவிடுகிறது. அதை எந்த நெறியாலும் நியாயப்படுத்த இயலாது. பூஜையை மனமாரப் போடுங்கள். ஆனால் பிரேக்கிலோ உடம்பிலோ ஒரு சந்தேகம் இருந்தாலும் அன்று டிராக்கில் இறங்காதீர்கள். கட்டிய பணம் போனால் போகட்டும்.