உணரி உணர்கிறதா?

கொன்வேயர் பட்டியின் ஓரத்தில் பொருத்தப்படும் சிறு ஒளிக்கருவிக்குத் தமிழில் ‘உணரி’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. பெயரிட்டவர்கள் சைவ சித்தாந்தத்தை ஒருகணம் எண்ணியிருந்தால், உணர்தல் என்னும் வினையைச் சடப்பொருள் ஒன்றுக்கு இவ்வளவு தாராளமாகக் கொடுத்திருக்கமாட்டார்கள். அறிவு பொறிக்கு உரியதா, பொறியை வாயிலாகக் கொண்டு அறியும் வேறொன்றுக்கு உரியதா என்பது 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் எடுத்துக்கொண்ட வினா. அதனை அளவையியலோடு, அதாவது அறிவின் மெய்ம்மையைச் சோதிக்கும் முறையோடு, இணைத்து விரித்த சிவஞான சித்தியார் என்னும் நூலுக்கு உரை கண்டவர்களுள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி ஞானப்பிரகாச முனிவரும் ஒருவர் என்பதால், யாழ்ப்பாணத்தை அடுத்த தீவகத்தாருக்கு இவ்வினா அயலானதன்று.

நெடுந்தீவிலோ வேலணையிலோ பொதியிட்ட ஒடியல் மாப் பை ஒன்று பட்டியில் நகர்வதாகக் கொள்ளலாம். பட்டியின் ஒருபுறம் உணரியும், அது வீசும் ஒளியைத் திருப்பி அனுப்பும் பிரதிபலிப்பான் எதிர்ப்புறமும் இருக்க, பை குறுக்கிட்டதும் ஒளி அறுபடும். ‘ஏதோ ஒன்று வந்தது’ என்பதற்கு மேல் உணரியிடம் செய்தி எதுவும் இல்லை. பெயர், சாதி, குணம் எதுவும் தோன்றாத இத்தகைய முதற்காட்சியையே நூல்கள் நிருவிகற்பம் என்னும். உணரிக்கு 10 சென்ரிமீற்றர் அப்பால் ஸ்கானர் இருந்து, பட்டி நிமிடத்துக்கு 30 மீற்றர் ஓடினால், 0.2 விநாடி கழித்தே பை அதன் முன் வரும். அவ்வளவு நேரம் தாழ்த்தி எழுப்பப்படும் ஸ்கானர் பையிலுள்ள பார்கோட்டின் கோடுகளை 13 இலக்கங்களாக வாசிக்கும்போது, பெயரோடு கூடிய சவிகற்பக் காட்சிக்கு நிகரான ஒன்று கிடைக்கிறது. ஆயினும் 479 என்ற தொடக்கம், எண்ணைப் பெற்ற நிறுவனம் இலங்கையில் பதிவானது என்பதையே காட்டும். பண்டம் இலங்கையில் விளைந்தது என்று அதிலிருந்து கொள்வோர் பலர், அது பிழை.

திரிபுக்காட்சி, அதாவது ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளுதல், இக்கருவிகளுக்கும் உண்டு. பளபளக்கும் பொலித்தீன் பை பிரதிபலிப்பானைப் போலத் தானே ஒளியைத் திருப்பி அனுப்பினால், பை வந்தும் வரவில்லை என்றே உணரி கொள்ளும். முப்பட்டைக் கண்ணாடிகள் நிறைந்த பிரதிபலிப்பான் ஒளியின் அதிர்வுத் திசையைத் திருப்பிவிடும், பையின் மினுக்கம் திருப்பாது. இவ்வேறுபாட்டைப் பிரிக்கும் வடிகட்டியைச் சேர்த்தே இத்திரிபு நீக்கப்படுகிறது. ஒட்டி வரும் இரு பைகளை ஒன்றெனக் கொள்ளும் திரிபுக்கோ வடிகட்டி உதவாது, இடைவெளி விட்டு அனுப்புவதே வழி. ஸ்கானர் இவ்வகையில் சற்று மேலானது: இறுதி இலக்கம் முன்னைய பன்னிரண்டோடு கணக்கில் பொருந்தாவிடின், பிழையாகச் சொல்வதைவிட வாசிக்கவில்லை என்று சொல்லும். தர்க்கம் பேசும் மனிதரிடம் இக்குணம் அரிது.

இவ்வளவும் செய்யும் கருவி அறிகிறதா? ஐம்பொறிகள் உயிரால் அறிந்தும் தம்மையோ உயிரையோ அறியாதிருப்பதுபோல, உயிர்களும் இறைவனால் அறிந்தும் அவனை அறியாதிருக்கின்றன என்பது மெய்கண்டாரின் சிவஞானபோதத்தின் ஐந்தாம் சூத்திரக் கருத்து. காந்தத்தின் முன் இரும்பு இயங்குவது அதற்கு உவமை. இதன்படி உணரியை உயிரோடு ஒப்பிடுவது பொருந்தாது, கண்ணோடு ஒப்பிடுவதே பொருந்தும். கண்ணே சடம் என்று முன்பே தீர்ந்துவிட்டதால், இயந்திரக் கண் ஒன்று புதிதாக வந்ததால் சித்தாந்தத்துக்கு நெருக்கடி எதுவும் நேரவில்லை. கருவியைப் பொருத்தியவரை இறைவனுக்கு உவமையாக்குவதும் பிழை: பொருத்தியவர் வேலை முடிந்ததும் போய்விடுவார், சித்தாந்தத்தின் இறைவனோ உயிரைவிட்டுப் பிரிவதில்லை.

உமாபதி சிவம் திருவருட்பயனில், இருள் பிறவற்றை மறைத்தாலும் தன்னைக் காட்டும், உயிரின் அறிவை மறைக்கும் ஆணவ மலமோ தன்னையும் காட்டாது என்கிறார். தீவகத்தின் கடற்காற்று உணரியின் வில்லையில் படியவைக்கும் உப்பும் அத்தகையதே. ஒளி திரும்பாதபோது, அதைத் தடுத்தது பையா உப்பா என்று சாதாரண உணரியால் பிரித்துச் சொல்ல இயலாது. பை இல்லாத பட்டியில் ஸ்கானர் ஓயாமல் எழுப்பப்படுவதைக் கண்டு, ஆள் ஒருவர் வந்து மென்துணியால் வில்லையைத் துடைக்கவேண்டியிருக்கிறது.