தெற்கே செல்லும் வண்டி

சிகாகோ மாநகரிலிருந்து நாள்தோறும் இரவுப்பொழுதில் ஓர் இரயில் வண்டி புறப்படுகிறது. இல்லினாய் மாநிலத்துச் சோளக்காடுகளை இருளிலே கடந்து, விடியலிலே மெம்பிஸ் நகரைத் தொட்டு, முற்பகலில் மிசிசிப்பி மாநிலத்தின் தலைநகரான ஜாக்சனை அடைந்து, அப்பாலும் ஓடி, நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தில் ஓய்கிறது. அந்தப் பாதையிலே ஒரு மக்கள் கூட்டத்தின் வரலாறு இருமுறை பயணம் செய்திருக்கிறது. ஒருமுறை வடக்கு நோக்கி, மறுமுறை தெற்கு நோக்கி.

வடக்கு நோக்கிச் சென்ற கதையைப் பலரும் அறிவர். 1910-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கருப்பின மக்களில் பத்துக்கு ஒன்பது பேர் தென் மாநிலங்களிலே வாழ்ந்தனர். பருத்தி விளைவித்தனர். விளைந்ததில் பாதி உனக்கு என்றான் ஆண்டை. கணக்கேட்டைப் புரட்டினால் பாதியும் இராது, கடன்தான் இருக்கும்! வாக்குரிமை ஏட்டிலே இருந்தது. தூக்குக் கயிறோ மரக்கிளையிலே தொங்கிற்று. பள்ளி வேறு, குடிநீர்க் குழாய் வேறு, இரயிலில் பெட்டி வேறு, செத்தபின் கிடக்கும் இடுகாடும் வேறு! பொறுத்தது போதும் என்று மூட்டை கட்டினர். 1970 முடிய ஏறத்தாழ 60 லட்சம் பேர் வடக்கிலும் மேற்கிலும் உள்ள நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். தெற்கிலே எஞ்சியோர் பாதிக்குச் சற்று மேல்தான்.

1970-களில் திசை மாறிற்று. போனவரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தெற்கே திரும்பத் தொடங்கினர். சிகாகோ நகரின் கருப்பின மக்கள்தொகை 1980-இல் 12 லட்சத்தை நெருங்கியிருந்தது. 2020-இல் அது 8 லட்சத்துக்கும் கீழே. வெளியேறியோர் அனைவரும் தெற்கே சென்றவரல்லர். புறநகருக்குப் போனவர் பலர். தெற்கே சென்றோரிலும் பெரும்பாலோர் அட்லாண்டா, ஹூஸ்டன், டல்லஸ் போன்ற வளமிக்க பெருநகரங்களையே நாடினர். ஆயினும், ஜாக்சன் போன்ற ஒரு சிறு நகரத்துக்குச் செல்லும் குடும்பத்தையே நாம் இங்கே எடுத்துக்கொள்கிறோம். எளிய வழக்கிலே தீர்ப்புச் சொல்வது எளிது. கடினமான வழக்கிலன்றோ கொள்கையின் வலு தெரியும்!

மனக்கண்முன் ஒரு குடும்பத்தை நிறுத்திப் பாருங்கள். தந்தை பேருந்து ஓட்டுநர், தாய் மருத்துவமனையிலே செவிலி, பிள்ளைகள் இருவர். வாடகை ஆண்டுதோறும் ஏறுகிறது. தெருவிலே துப்பாக்கிச் சத்தம் கேட்டால் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவடைக்க வேண்டியிருக்கிறது. ஜாக்சனிலே, வடக்கே வர மறுத்துத் தங்கிவிட்ட மூதாட்டி ஒருத்தி, தாத்தாவின் தங்கை, தனித்திருக்கிறாள். சிகாகோவில் வாடகைக்கும் போதாத பணத்தில் அங்கே சொந்த வீட்டுக்குத் தவணை கட்டலாம். போகலாமா? எந்த ஊரிலிருந்து பாட்டன் மானத்தைக் காத்துக்கொள்ள ஓடினானோ, அந்த ஊருக்குப் பேரனைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வது அறமா?

இந்தக் கேள்வி நமக்கு அயலானதன்று. 1946-இல் அண்ணல் அம்பேத்கர், கருப்பின மக்களின் பேரறிஞரான டூபாய்ஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதினார். ஐக்கிய நாடுகள் மன்றத்துக்கு அம்மக்கள் அளித்த விண்ணப்பத்தின் படியைக் கேட்டார். ஈரினத்தாரின் இன்னலும் ஒத்தது என்று கண்டவர் அவர். அதே அம்பேத்கர் 1948-இல் அரசியல் நிர்ணய மன்றத்திலே நின்று, கிராமத்தைப் போற்றிப் புகழ்வோரைச் சாடினார். சேரியை விட்டு வெளியேறு, நகரத்துக்குப் போ, அங்கே உன் சாதியைக் கேளாமல் ஒரு கோப்பைத் தேநீராவது தருவான் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். ஆகவே, திரும்பிப் போகிறவனைக் கண்டால் நம் நாவில் முதலில் வரும் சொல் 'துரோகம்' என்பதாகவே இருக்கும். அவசரப்பட வேண்டாம், தோழர்களே!

அவர்கள் ஓடிச்சென்ற வடக்கு என்ன விண்ணுலகா? 1919-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள். சிகாகோவின் மிச்சிகன் ஏரி. பதினேழு வயதுக் கருப்பினச் சிறுவன் நீரிலே மிதந்து செல்கிறான். கரையிலே வெள்ளையர் பகுதி, கருப்பர் பகுதி என்று பிரித்திருந்தார்கள். நீரிலே கோடு கிழிக்க முடியுமா? கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோட்டை அவன் கடந்துவிட்டானாம். கல் எறிந்தார்கள், மூழ்கி மாண்டான். தொடர்ந்த கலவரத்தில் 38 பேர் மாண்டனர். வீடு விற்கும் பத்திரத்திலேயே 'கருப்பருக்கு விற்கலாகாது' என்று எழுதிக்கொண்ட நகரம் அது. 1966-இல் வீட்டுரிமை கேட்டு அங்கே ஊர்வலம் சென்ற மார்ட்டின் லூதர் கிங்கின் தலையிலே கல் விழுந்தது. வடக்கிலே பலகை தொங்கவில்லை, அவ்வளவுதான். பத்திரத்தில் எழுதிய இழிவுக்குப் பலகை எதற்கு?

எனவே, போகிறவனைத் துரோகி என்பது பிழை. அதற்கு நேரெதிராக நின்று, 'தாய்மண் அழைக்கிறது. வேர் இழுக்கிறது' என்று கண் கசிபவர்களையும் நாம் ஏற்பதற்கில்லை. மண் அழைக்குமா? மண்ணுக்கு வாய் ஏது? மண்ணைத் தாயென்று பாடுகிறவர்கள், அந்தத் தாய் யாருக்குப் பாலூட்டினாள், யாருக்குச் சாட்டையடி கொடுத்தாள் என்று கேட்டுப்பார்க்க வேண்டும். மண் எவரையும் இழிவுபடுத்துவதும் இல்லை, உயர்த்துவதும் இல்லை. இழிவுபடுத்தியது சட்டம், சட்டத்தைப் பிடித்திருந்த கை, அந்தக் கைக்கு அஞ்சி வாய்மூடிய வாய்கள்.

டூபாய்ஸ் அவர்களின் வாழ்விலேயே இதற்கொரு துயரச் சான்று உண்டு. வடக்கே மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். பிலடெல்பியா மாநகரிலே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர். 1897-இல் அன்றைக்குச் சிறு நகரமாயிருந்த அட்லாண்டாவுக்கு, கருப்பின இளைஞருக்குக் கற்பிக்கும் பணியேற்றுச் சென்றார். மனைவியும் கைக்குழந்தையும் உடன் வாழ்ந்தனர். 1899 மே மாதம் அந்தக் குழந்தையைத் தொண்டை அடைப்பான் நோய் கொண்டுபோயிற்று. இரண்டு வயதும் நிறையவில்லை. ஜார்ஜியாவின் செம்மண்ணிலே பிள்ளையைப் புதைக்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. உடலை வடக்கே கொண்டுசென்று அடக்கம் செய்தார். தந்தை செய்தது மாபெரும் தொண்டு, ஐயமில்லை. ஆனால், அந்தத் தொண்டுக்குப் பெயர்போட்டுக் கையெழுத்திட்டவர் அவர் ஒருவரே. தாயும் சேயும் கையெழுத்திடவில்லை. படிக்கும்போதெல்லாம் இந்த இடத்திலே நாம் தயங்கி நின்றுவிடுகிறோம்.

இனி ஜாக்சனுக்கு வருவோம். மெட்கர் எவர்ஸ் என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். இரண்டாம் உலகப் போரிலே நார்மண்டியில் நின்ற படைவீரர். திரும்பி வந்து, கருப்பின மக்கள் முன்னேற்றச் சங்கத்தின் மிசிசிப்பிச் செயலாளராக ஊர் ஊராகச் சென்று வாக்காளர் பட்டியலில் மக்களைச் சேர்த்தவர். வடக்கே போயிருந்தால் நிம்மதியாக வாழ்ந்திருக்கலாம், போக மறுத்தார். அவர் ஜாக்சனிலே குடியிருந்த வீட்டுக்குத் தெருப்பக்கம் வாசல் இல்லை. மோட்டார் நிறுத்தும் கொட்டகையின் வழியாக, பக்கவாட்டிலே நுழைய வேண்டும். வெடிச்சத்தம் கேட்டால் உடனே தரையிலே விழுந்து தவழ்ந்து செல்லவேண்டும் என்று மூன்று குழந்தைகளுக்கும் பயிற்சி கொடுத்திருந்தார்கள். வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும் வயதிலே, குண்டுக்குத் தப்பும் பாடம்!

1963 ஜூன் 12, நள்ளிரவு கடந்த வேளை. வீட்டு வாசலிலே காரை விட்டு இறங்கிய எவர்ஸ் முதுகிலே சுடப்பட்டார். உள்ளே குழந்தைகள், கற்றபடியே, தரையிலே விழுந்தனர். கொலையாளியை 1964-இல் இருமுறை விசாரித்தார்கள். ஜூரிகள் அனைவரும் வெள்ளை ஆடவர். இருமுறையும் முடிவுக்கு வர 'இயலவில்லை'. அதே ஆண்டு அவர் மனைவி மைர்லி எவர்ஸ் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தார். அதைப் புறமுதுகு என்று சொல்லத் துணிவோர் உண்டா? கலிபோர்னியாவில் இருந்தபடியே முப்பதாண்டுகள் வழக்கை விடாமல் துரத்தினார். 1994-இல் அதே ஜாக்சனில், அதே கொலையாளிக்கு, ஆயுள் தண்டனை கிடைத்தது. அம்முறை ஜூரிகளில் எண்மர் கருப்பினத்தார், நால்வர் வெள்ளையர். 2012-இல், தன் கணவரும் தானும் படித்த மிசிசிப்பிக் கல்லூரிக்கே அறிஞர் பணியேற்றுத் திரும்பிவந்தார் அந்த அம்மையார்.

மண் அதே மண். வெயில் அதே வெயில். கொலையாளிகூட அதே ஆள்! மாறியது ஜூரி இருக்கையிலே அமர்ந்தவர்கள். 1899-இல் டூபாய்ஸ் நம்பி முறையிட ஒரு மன்றம் இல்லை, 1964-இல் மன்றம் இருந்தும் நீதி இல்லை, 1994-இல் இருந்தது. ஒரு குடும்பம் ஓர் ஊருக்குப் போகலாமா என்று கேட்போர் பாட்டனின் எலும்பு எங்கே கிடக்கிறது என்று தேடவேண்டியதில்லை. அந்த ஊரின் ஜூரியில் யார் அமர்கிறார்கள், பள்ளியை யார் நடத்துகிறார்கள், தண்ணீர்த் தொட்டியின் சாவி யார் கையில் என்று தேடவேண்டும்.

தேடினால் என்ன தெரிகிறது? நன்றும் தீதும் கலந்தே தெரிகின்றன. 1961 மார்ச்சில், ஜாக்சன் நகரப் பொது நூலகத்தில், டூகலு கல்லூரியைச் சேர்ந்த கருப்பின மாணவர் ஒன்பது பேர் நுழைந்து நாற்காலியிலே அமர்ந்து புத்தகம் படித்தார்கள். அது குற்றம் என்று காவலர் கைது செய்தனர்! புத்தகத்தைத் திருடியதற்காக அல்ல, படித்ததற்காக. அந்த ஊர் 1997-இல் கருப்பின மேயரைத் தேர்ந்தெடுத்தது. விமான நிலையத்துக்கு எவர்ஸ் பெயரைச் சூட்டியது. அடிமைமுறையை ஒழித்த 1865-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்கு மிசிசிப்பிச் சட்டமன்றம் இசைவு தந்ததோ 1995-இல். அந்தத் தாளை முறைப்படி அனுப்பிவைத்தது 2013-இல்! அடிமைகளை வைத்திருக்கப் போரிட்டவர்களின் சின்னத்தை மாநிலக் கொடியிலிருந்து எடுக்கலாமா என்று 2001-இல் வாக்கெடுத்தபோது, மூன்றில் இருவர் அளவுக்கு 'வேண்டாம், இருக்கட்டும்' என்றனர். 2020-இல்தான் அது இறங்கிற்று.

தண்ணீரின் கதையும் உண்டு. 1970-இல் நீதிமன்ற ஆணையால் பள்ளிகள் ஒன்றானபோது, வெள்ளையர் பலர் பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு மாற்றினர்; பிறகு வீட்டையும் புறநகருக்கு மாற்றினர்; வரிப்பணமும் உடன் போயிற்று. 1980-இல் 2 லட்சத்தைத் தாண்டியிருந்த ஊர் 2020-இல் ஒன்றரை லட்சமாகச் சுருங்கிற்று. குழாய்களோ கிழடாயின. 2022 ஆகஸ்டில் வெள்ளம் வந்தபோது நீர் நிலையம் நின்றுபோய், அந்த ஒன்றரை லட்சம் பேரும் நல்ல தண்ணீரின்றித் தவித்தனர். தனிக்குழாய் என்ற பலகை போய்விட்டது. குழாயிலே நீரும் போய்விட்டது! மேயர் நாற்காலியிலே நம்மவர் அமர்ந்துவிட்டால் எல்லாம் ஆயிற்று என்று எண்ணுவோர் ஜாக்சனை ஒருமுறை பார்த்துவர வேண்டும்.

இப்படிப்பட்ட ஊர்களுக்குத்தான் திரண்டு போகவேண்டும் என்று வாதிடுவோரும் உண்டு. நியூயார்க்கிலிருந்து அட்லாண்டாவுக்குக் குடிபெயர்ந்த பத்திரிகையாளர் சார்லஸ் புளோ, 2021-இல் ஒரு நூலே எழுதினார்: கருப்பின மக்கள் தெற்கிலே ஒன்றுகூடினால் மாநில ஆட்சிகளையே கைப்பற்றலாம் என்று. கணக்கு சரியாகவே இருக்கலாம். கேட்கும்போது நம் இரத்தமும் சூடேறத்தான் செய்கிறது. ஆனால், ஆசிரியர் தொழில் செய்யும் நமக்கு ஒரு சிறு உறுத்தல். எட்டு வயதுப் பிள்ளைக்கு வாக்குச்சீட்டு இல்லை. குடிநீர்க் குவளை உண்டு. தந்தையின் வாக்கு ஓர் ஆட்சியைக் கவிழ்க்கும் வரை, மகள் எந்தத் தண்ணீரைக் குடிப்பாள்?

நம் பள்ளி அலுவலகத்திலே ஆண்டிறுதியில் பெற்றோர் மாற்றுச் சான்றிதழுக்கு வந்து நிற்பார்கள். படிவத்திலே காரணம் எழுத ஒரு வரி உண்டு. தந்தையின் பணிமாற்றம் என்று எழுதுவார்கள். பிள்ளை பக்கத்திலே நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். சென்ற ஆண்டு ஒரு சிறுமி, 'புது ஊரில் நம்மை எப்படிப் பார்ப்பார்கள்?' என்று தாயைக் கேட்டாள். 'எல்லாரும் நல்லவர்கள்' என்றாள் தாய். சிறுமி நம்பவில்லை, நாமும் நம்பவில்லை. அன்பினால் சொன்ன பொய். அந்தப் பொய்யை நம்பிப் புது வகுப்பில் போய் அமரும் பிள்ளை, முதல் வசைச்சொல்லைக் கேட்கும்போது, தன்னிடமே ஏதோ குறை என்று எண்ணிக்கொள்ளும். நாம் அதை வகுப்பிலே கண்டிருக்கிறோம்.

எவர்ஸ் தம்பதியர் தங்கள் பிள்ளைகளிடம் பொய் சொல்லவில்லை. அந்த ஊரிலே பிள்ளைகளை வைத்து வளர்த்தது சரியா என்று நம்மைக் கேட்டால், இன்றளவும் துணிந்து விடை சொல்ல இயலவில்லை. ஆனால், ஏன் தரையிலே விழவேண்டும் என்பதை அந்தக் குழந்தைகள் அறிந்திருந்தார்கள்.

ஆகவே, அந்தப் பேருந்து ஓட்டுநரின் குடும்பம் ஜாக்சன் போவதை நாம் தடுக்கமாட்டோம். மூதாட்டிக்குத் துணை வேண்டும். பிள்ளைகளுக்குக் கதவடைக்காத மாலைப்பொழுது வேண்டும். இரண்டும் நியாயமான தேவைகள். போய் இறங்கியதும் பெட்டிகளைப் பிரிக்கும் முன்பே வாக்காளர் பட்டியலில் பெயர் பதியட்டும். ஜூரிப் பணிக்கு ஆணை வந்தால், வேலை கெடுகிறதென்று சாக்குச் சொல்லாமல் போய் அமரட்டும். பள்ளியையும் தண்ணீரையும் பற்றிய கூட்டங்களில் பின்வரிசையிலாவது இடம் பிடிக்கட்டும். முதல் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அந்த வீட்டுக்கு அழைத்துச் செல்லட்டும். இப்போது அது தேசிய நினைவிடம். தெருவிலே நின்று பார்த்தால் முன்பக்கம் வாசல் தெரியாது. இளையவள் கேட்பாள், 'அப்பா, இந்த வீட்டுக்கு எப்படி உள்ளே போவது?' என்று.